பைசா கொடுத்துத்தானே படிக்கிறோம்?

கேள்வி: "குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நான் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் எம்.எஸ்சி. படிக்கிறேன். கருத்தரங்கில் ஒருவர், உயர்கல்வியில் அறிவு விற்பனைப் பண்டமாகிவிட்டது என்று வருத்தப்பட்டுப் பேசினார். பைசா வாங்கித்தானே கல்லூரி நடக்கிறது? நாங்களும் வாடிக்கையாளர்கள்தானே? இதில் என்ன தவறு? இன்னொன்று, பிஎச்.டி. சேர வேண்டுமானால் இப்போதே கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு பத்திரிகையில் போட 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?"

தம்பி, இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் இந்தக் குமரி மாவட்டத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்டதை என் வகுப்பிலும் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி.

கட்டணம் வாங்குவது மட்டுமே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும், ஆய்வகத்துக்கு அமிலம் வேண்டும், நூலகத்துக்குப் புத்தகம் வேண்டும். யாரோ ஒருவர் பைசா கொடுத்தாக வேண்டும். அரசா, ஊரா, மாணவனின் அப்பாவா என்பது வேறு கேள்வி. பழைய காலத்தில் கல்வி இலவசமாக, புனிதமாக இருந்தது என்று பேசுகிறவர்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. முஞ்சிறை அருகே பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ல் கோயிலோடு சேர்த்து ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், அமைத்தான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாக வைத்து, 95 மாணவர்கள் தங்கிப் படிக்க நிலம் விட்டுச் செப்பேடும் எழுதிக் கொடுத்தான். அவர்கள் பைசா கட்டவில்லை. ஆனால் அந்த 95 இடமும் வேதம் ஓதும் பிராமணப் பிள்ளைகளுக்கு. அந்த நிலத்தில் உழுதவரின் பிள்ளைக்கு உள்ளே இடம் கிடையாது. நம்மூர் வர்ம ஆசான்களும் அப்படித்தான். ஏடும், வர்ம அடிபட்டவரை மீட்கும் அடங்கல் முறையும் மகனுக்கோ நம்பிக்கையான ஒரு சீடனுக்கோதான் போகும், சில நேரம் ஆசானோடு மண்ணுக்குள்ளும் போய்விடும். ஆக, கல்விக்கு எப்போதும் ஒரு வேலி இருந்திருக்கிறது. அன்று பிறப்பு வேலி, இன்று பண வேலி. இரண்டையும் ஒரே கண்ணோடு பார்க்கத் தெரிந்தால்தான் இன்றைய பிரச்சினை விளங்கும்.

அந்தப் பிறப்பு வேலியை இங்கே உடைத்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார். அதற்குப் பணம்? பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். தலையணை போன்ற திண்டில் ஊசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. அந்த லேஸ் வெளியே விற்பனைக்குப் போயிற்று, வந்த வருமானம் பள்ளிக்கு உதவிற்று. திருவிதாங்கூரில் 1855 வரை அடிமை முறை இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தன்னை மீட்டுக்கொண்ட பெண்களும் அவர்களில் உண்டு. இங்கே சந்தைக்குப் போனது லேஸ். எழுத்து போகவில்லை. எழுதப் படிக்கக் கற்ற பெண் அதை இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரு பள்ளி பைசாவுக்காக எதையோ விற்கலாம். எதை விற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

இனி உங்கள் வாடிக்கையாளர் விஷயத்துக்கு வருவோம். வடசேரி சந்தையில் ஒரு தார் மட்டிப்பழம் வாங்குகிறீர்கள். பழம் உங்கள் கைக்கு வந்ததும் கடைக்காரரிடம் இல்லை. வாங்கும் முன்பே பார்க்கலாம், ஒன்றைப் பிட்டுத் தின்றும் பார்க்கலாம். அறிவு அப்படி இல்லையே. நான் உங்களுக்கு ஒரு தேற்றத்தைச் சொல்லிக்கொடுத்தால் அது என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும், உங்கள் தங்கைக்கு நீங்கள் சொன்னால் அவளிடமும் இருக்கும். படித்து முடிக்கும் முன் அது நல்லதா கெட்டதா என்று சோதிக்க உங்களுக்கு வழியும் இல்லை. கொடுத்தாலும் குறையாத ஒன்றை விற்க வேண்டுமென்றால் அதைச் சுற்றி ஏதாவது ஒன்றைத் தட்டுப்பாடாக்க வேண்டும். உயர்கல்வியில் மூன்று பொருள்கள் அப்படித் தட்டுப்பாடாக்கி விற்கப்படுகின்றன: இடம், சான்றிதழ், அப்புறம் படிப்பதற்கான அனுமதி. கருத்தரங்கில் பேசியவர் இதைத்தான் சொல்ல வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

முதலில் இடம். தமிழ்நாட்டில் 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அதன் பிறகு கலை அறிவியல் கல்லூரிகளுக்குள்ளேயே சுயநிதிப் பிரிவுகள் வந்தன. இதனால் நன்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் மேற்கே, வீட்டை விட்டு வெளியூரில் தங்கிப் படிக்க அனுமதி கிடைக்காத எத்தனையோ பெண் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் வந்து பட்டம் வாங்கியது இந்தக் கல்லூரிகளில்தான். அரசு அத்தனை கல்லூரி கட்டவில்லை. கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் செலவிட வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் சொன்னது. இன்றுவரை அந்த அளவை எட்டவில்லை. அரசு விட்ட இடத்துக்குத் தனியார் வந்தார்கள்.

நீதிமன்றமும் இந்தப் பாதையில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி நடத்துவது வணிகமாக இருக்க முடியாது என்றது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனம் நடத்துவது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும் என்றது. லாப வேட்டை கூடாது, நிறுவனத்தை வளர்க்க நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம் என்று எல்லையும் போட்டது. இதற்கிடையில் 2000-ல் பிரதமரின் வணிக, தொழில் ஆலோசனைக் குழுவுக்கு இரண்டு பெரிய தொழிலதிபர்கள், பிர்லாவும் அம்பானியும், கல்வி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். உயர்கல்விக்குப் படிப்பவரே செலவு செய்யட்டும் என்பது அதன் போக்கு. உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தம் 1995 முதலே கல்வியை வர்த்தகம் செய்யக்கூடிய சேவைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

சரி, நீங்கள் வாடிக்கையாளர் என்று நினைக்கிறீர்களே, சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2010-ல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மாணவர் நுகர்வோர் அல்ல, பல்கலைக்கழகம் சேவை விற்பதில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு வந்த வழக்குகளில் இது விவாதத்தில் இருக்கிறது. ஆனாலும் நிலைமையைக் கவனியுங்கள். நிறுவனத்துக்குத் தொழில் உரிமை உண்டு. உங்களுக்கோ, குறையுள்ள மிக்சியைத் திருப்பிக் கொடுக்கிற அளவு உரிமைகூட உறுதியாக இல்லை. பைசா கொடுத்தவன் என்ற பெருமையை நம்பி நீங்கள் உங்களை வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டால், மாணவனுக்கு இருக்கும் உரிமையும் கையை விட்டுப் போகும். பாடத்திட்டத்தைக் கேள்வி கேட்கவும், நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கவும், ஆசிரியர் ஏன் இல்லை என்று கேட்கவும் மாணவனுக்கு உரிமை உண்டு. அந்த இடம் பெரியது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடம் விற்பனையாகும்போது வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரே கட்டடம், ஒரே பல்கலைக்கழகத் தேர்வு, ஒரே பாடம். உதவி பெறும் பிரிவில் பாடம் எடுப்பவருக்கு அரசுச் சம்பளம். அடுத்த அறையில் சுயநிதிப் பிரிவில் எடுப்பவருக்கு அதில் ஒரு சிறு பங்கு, பல இடங்களில் மே மாதம் அதுவும் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அந்த ஆசிரியர் கையில் நோட்டீஸ் கட்டு கொடுத்து, இத்தனை அட்மிஷன் கொண்டு வா என்கிறார்கள். பிஎச்.டி. முடித்த ஒரு பெண்மணி மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய், நீங்கள் எந்தக் கல்லூரியில் சேர்க்கிறீர்கள் என்று விசாரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஜூனில் அதே வீட்டுப் பிள்ளைக்கு அவர் இன்டர்னல் மார்க் போட வேண்டும். அந்தப் பிள்ளை அசைன்மென்டை அப்படியே காப்பி அடித்துக் கொண்டுவந்தால், இதைத் திரும்ப எழுது என்று சொல்லும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்? ஒரு மாணவனிடம் 'இது போதாது' என்று சொல்ல முடிவதுதான் ஆசிரிய வேலையின் உயிர். பைசா கொடுத்தவனைப் பகைக்கக் கூடாது என்ற பயம் வந்ததும் அந்த வேலை நின்றுவிடுகிறது. இதில் நஷ்டம் முழுவதும் மாணவனுக்குத்தான். எனக்கு இதில்தான் மிகுந்த வேதனை.

அடுத்தது சான்றிதழ். நம்மூரில் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களைக் கேளுங்கள், புராஜெக்ட் சென்டர் எங்கே என்று சொல்வார்கள். தலைப்புகளின் பட்டியல் அச்சடித்து வைத்திருப்பார்கள். மென்பொருள் மட்டும் என்றால் ஒரு விலை, கருவியும் சேர்ந்தால் இன்னொரு விலை. நிரலும் அறிக்கையும் பவர்பாயிண்டும் தந்து, வைவாவில் என்ன கேட்பார்கள் என்று ஒரு மணி நேரம் சொல்லியும் அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நான்கு வருடம் ஆய்வகத்தில் ஒரு வயரைக்கூடச் சுயமாகச் சாலிடர் செய்யவிடாமல் வைத்துவிட்டு, கடைசியில் புராஜெக்ட் கொண்டுவா என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

மாணவர் பக்கம் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரங்கள் நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர் பட்டியலில் இருந்தது. அங்கீகாரத்துக்கு ஆய்வாளர் வரும்போது காட்டுவதற்கு முனைவர் பட்டம் வேண்டும். பாடம் எடுக்க அந்த மனிதர் வேண்டியதில்லை, அவருடைய சான்றிதழ் போதும். பல்கலைக்கழகமும் இதை விசாரித்து ஒப்புக்கொண்டது. கற்றவர் இல்லாமலே கற்றதற்கான காகிதம் மட்டும் தனியாக வாடகைக்குப் போகிறது என்றால், அறிவு பண்டமாவதன் கடைசி நிலை இதைவிட வேறு என்ன இருக்க முடியும்?

நம் மாவட்டத்துக்குச் சொந்தமான இன்னொரு வகையும் உண்டு. வளைகுடாவுக்கும் அதற்கு அப்பாலும் போவதற்காக நர்சிங் படிக்கும் பிள்ளைகள். பட்டம் இங்கே விசாவின் முதல் படி. அதில் தவறில்லை, குடும்பம் கரையேறுகிறது. ஆனால் நடுவில் படிப்பை விட்டாலோ கட்டண பாக்கி இருந்தாலோ அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. இது சட்டப்படி செல்லாது. அசல்களைப் பிடித்துவைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்தால் அந்த அறிவிப்பைக் காட்டி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, படிப்பதற்கான அனுமதி. பெரும்பாலும் யார் கண்ணிலும் படாதது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கிறது. ஆய்வாளர் கட்டுரை எழுதுகிறார், பத்திரிகை அவருக்குக் காசு தருவதில்லை. இன்னொரு பேராசிரியர் அதைப் படித்துத் திருத்தம் சொல்கிறார், அவருக்கும் பெரும்பாலும் காசு இல்லை. பிறகு பதிப்பகம் அதைத் தன் தளத்தில் பூட்டி, அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு விற்கிறது. இந்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்க மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசின் கீழுள்ள கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது அது. உங்களைப் போல் சுயநிதியில் படிப்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். படிப்பதற்குக் காசு வேண்டாம் என்ற இதழ்கள் பலவும் எழுதியவரிடம் காசு வாங்குகின்றன. எந்தப் பக்கம் போனாலும் கட்டணச் சாவடி.

கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இதில் பங்கு உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்துக்கு வேண்டிய புத்தகப் பகுதிகளைச் சேர்த்து நகலெடுத்துக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் 2012-ல் வழக்குப் போட்டன. 2016-ல் டில்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்காக அப்படி நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. நீங்கள் நாகர்கோவில் கோணம் பகுதியிலோ மார்த்தாண்டத்திலோ ஓர் அத்தியாயத்தை நகலெடுத்து ஸ்பைரல் போட்டு வாங்கும்போது, அதற்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கு இருக்கிறது. எப்படிக் கிடைத்த உரிமை என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அறிவுக்கு வேலி போடுவது பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் நடப்பதும் இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருப்பது குலசேகரத்துக்காரரான உங்களுக்குத் தெரியும். அவர்களின் உறவினர்கள் அகத்தியமலையின் கேரளப் பக்கத்திலும் வாழ்கிறார்கள். 1987-ல் அங்கே ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் மலையேறித் தளர்ந்தபோது, வழிகாட்டியாக வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடந்ததைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. அந்தப் பணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளையும் அமைந்தது. உலகம் முழுவதும் பாராட்டிய ஏற்பாடு அது, பாராட்டத் தக்கதும்தான். என்றாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எத்தனையோ தலைமுறையாக யாருடையது என்று கேட்காமல் காட்டில் நடந்தவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஓர் அறிவுக்கு, ஒரு நாள் விலை போட்டதும், யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்று கோடு கிழிக்க வேண்டி வந்தது. அந்த அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. காணிக்கு 1956-ல் போட்ட மாநில எல்லையா கணக்கு, மலையா? விலை வரும்போது இந்தச் சிக்கலும் கூடவே வரும்.

இனி உங்கள் 6,000 ரூபாய். கட்டாதீர்கள். பிஎச்.டி.யில் சேரக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று மானியக் குழு விதி ஏதும் இல்லை. நெட் போன்ற தகுதித் தேர்வும் நேர்காணலும்தான் வழி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையும் 2022 விதிமுறையில் எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் விதி வைத்திருக்கலாம், அதை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிமுறையில் நீங்களே படித்துப் பாருங்கள், இடைத்தரகர் சொல்வதை நம்ப வேண்டாம். போலிப் பத்திரிகைகளைத் தடுக்க மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த, நம்பத்தக்க ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டதால், இப்போது கடை விரிப்பவர்களுக்கு வசதி கூடியிருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது வண்டி நம்பர் மாதிரி அடையாளம் மட்டும்தான், உள்ளே இருப்பதன் தரத்துக்குச் சான்று ஆகாது. மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால், யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை என்று பொருள். உங்கள் முதல் கட்டுரையை ஒருவர் படித்து, இந்த இடம் தவறு என்று சொல்வது, அச்சில் பெயர் வருவதைவிட உங்களுக்குப் பயன் தரும்.

காசு வாங்காத நல்ல இதழ்கள் இருக்கின்றன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியின், அதாவது இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸின் இதழ்கள் எழுதுபவரிடம் கட்டணம் கேட்பதில்லை. டி.ஓ.ஏ.ஜே. என்ற திறந்த இதழ்களின் அட்டவணையில், கட்டணம் இல்லாதவற்றை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வசதி உண்டு. எழுதும் முன்பு உங்கள் தலைப்பில் ஏற்கெனவே என்ன நடந்திருக்கிறது என்று சோத்கங்கா இணையதளத்தில் தேடுங்கள். நாடு முழுவதும் ஏற்கப்பட்ட பிஎச்.டி. ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே இருக்கின்றன, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பூட்டிய கட்டுரை வேண்டுமென்றால் அதை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள், தம் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

எம்.எஸ்சி.யில் உங்கள் துறை எது என்று எழுதவில்லை. அதைச் சொன்னால் எந்த இதழ்களைப் பார்க்கலாம் என்று பெயர் குறித்துத் தருகிறேன்.